டிஸ்போசல் ஒழுகுகிறது: சரிசெய்வதா, மாற்றுவதா, கழற்றிவிடுவதா?

சமையலறை சிங்கின் அடியில் இருக்கும் அலமாரியைத் திறந்தபோது, அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த சீயக்காய்ப் பொட்டலம் நனைந்து ஊறிக் கிடந்தது. அதை எடுத்த பிறகுதான் அடிப்பலகையே உப்பியிருப்பது கண்ணில் பட்டது. மேலே தொங்கிக்கொண்டிருந்த டிஸ்போசலின், அதாவது சிங்கில் விழும் உணவுக் கழிவை அரைத்துத் தண்ணீரோடு குழாயில் அனுப்பும் மின்கருவியின், அடிப்பாகத்தை விரலால் தடவிப் பார்த்தேன். சிவப்புப் பொத்தானைச் சுற்றி ஈரம். சற்று நேரம் காத்திருந்ததும் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது.

டாலஸ் நகருக்கு வடக்கே, 2005இல் கட்டப்பட்ட வீடு எங்களுடையது. அந்த டிஸ்போசல் வீட்டோடு வந்தது. குதிரைத்திறன் மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்காவில் மொத்தமாக வீடு கட்டி விற்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சிறிய அளவைத்தான் பொருத்திவிட்டுப் போகிறார்கள். வீட்டை வாங்குகிறவர் குழாயின் அழகைப் பார்ப்பார், மேடையின் கல்லைப் பார்ப்பார். சிங்கின் அடியில் யாரும் குனிவதில்லை.

அடுத்த இரண்டு வாரங்கள் ஒழுகும் இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு, என்ன செய்வதென்று அலசினேன். பழையதைச் சரிசெய்யலாம், அதே அளவில் புதிது போடலாம், பெரிதாகப் போடலாம், டிஸ்போசலே வேண்டாம் என்று கழற்றிவிட்டுச் சாதாரண வடிகட்டி போடலாம். இதில் எது சரி என்பது கடையில் இருக்கும் பொருளைவிட, உங்கள் வீட்டில் தினமும் என்ன சமைக்கிறீர்கள், சுவருக்குள் போகும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது என்று கண்டுகொண்டேன். கடைக்காரர் இந்த இரண்டையும் கேட்பதில்லை. நாமாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதை மிக்ஸி போல நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். இதற்குள் கத்தி கிடையாது. கீழே ஒரு வட்டத் தட்டு சுழல்கிறது. அதன் மேல் ஆடக்கூடிய இரண்டு உலோகக் கட்டிகள் இருக்கின்றன. தட்டு சுழலும் வேகத்தில் அவை கழிவைச் சுற்றுச்சுவரில் வீசியடிக்கும். அந்தச் சுவரில் தேங்காய்த் துருவியைப் போலப் பற்கள் கொண்ட ஒரு வளையம். அதில் உரசி உரசிப் பொடியானது தண்ணீரோடு தட்டின் ஓரத்து இடைவெளி வழியாக இறங்கிப் போகிறது. வெட்டுவது இதன் வேலை இல்லை, தேய்ப்பதுதான். நார் உள்ள பொருள் இதற்கு ஏன் ஆகாது என்பதற்கு இதுவே காரணம். நாரைத் தேய்த்தால் அது அறுபடாது, திரிந்து கயிறாகும்.

இந்தக் கருவியின் பிறப்பிடம் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரம். ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927இல் இதை உருவாக்கினார். 1938இல் இன்சிங்கரேட்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் 2022இல் வேர்ல்பூல் கைக்குப் போனது. நாடு முழுவதும் பரவிய பிறகும் நியூயார்க் நகரம் மட்டும், பழைய சாக்கடைகள் தாங்குமா என்ற அச்சத்தில், நகரின் பெரும்பகுதியில் இதைத் தடை செய்தே வைத்திருந்தது. தடை நீங்கிய ஆண்டு 1997. குழாய்களைப் பற்றிய அந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே கேள்வி நம் வீட்டுக் குழாய்க்கும் பொருந்தும்.

இனி முதல் வழி, சரிசெய்வது. இது முடியுமா முடியாதா என்பதைப் பழுதே சொல்லிவிடும். சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, ஆனால் சுழலவில்லை என்றால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. பிரேக்கரை, அதாவது அந்த இணைப்புக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை, அணைத்துவிட்டு, அடியில் நடுவே உள்ள அறுகோணத் துளையில் கால் அங்குல ஆலன் கீயைச் செருகி இருபுறமும் திருப்பினால் பெரும்பாலும் விடுபட்டுவிடும். சில மாதிரிகளில் அந்தத் துளை இருக்காது. அப்போது துடைப்பக் கட்டையை மேலிருந்து உள்ளே விட்டுத் தட்டைத் தள்ளிச் சுழற்ற வேண்டும். சிக்கியதை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், கையால் கூடாது. மின்சாரம் அணைந்திருந்தாலும் கையை விடாதீர்கள் என்றுதான் என் வீட்டாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சத்தமே இல்லை என்றால், சில நிமிடம் ஆறவிட்டு அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை உள்ளே தள்ளிப் பாருங்கள். மோட்டார் சூடானால் தானாக நின்றுகொள்ளும் பாதுகாப்பு அது. அதற்கும் அசையாமல், பிரேக்கரும் விழாமல் இருந்தால் மோட்டார் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒழுகலுக்கு மூன்று முகங்கள் உண்டு. மேலே, சிங்கோடு சேரும் இடத்தில் ஒழுகினால் ஓரத்தை அடைக்கும் பிளம்பர் புட்டி காய்ந்துவிட்டது அல்லது டிஸ்போசலைத் தாங்கும் வளையத்தின் திருகுகள் தளர்ந்துவிட்டன. இதைச் சரிசெய்யலாம், செலவு சில டாலர்தான். பக்கவாட்டில் ஒழுகினால் டிஷ்வாஷர் குழாயின் கவ்வியோ வெளிக்குழாயின் ரப்பர் வளையமோ காரணம்; இதையும் சரிசெய்யலாம். அடியிலிருந்து, அந்தச் சிவப்புப் பொத்தானைச் சுற்றி ஒழுகினால் அரைக்கும் அறைக்கும் மோட்டாருக்கும் நடுவில் நீர் இறங்காமல் தடுக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். வீட்டில் உட்கார்ந்து பிரித்துச் சரிசெய்யும் விதத்தில் இந்த உடலைச் செய்வதில்லை. உதிரிப்பாகம் தேடிப் பிரிக்க ஆகும் செலவில் புதியதே வந்துவிடும். எங்களுடையது இந்த மூன்றாவது வகை. அதுவும் தண்ணீர் இறங்குவது மின்சாரம் ஓடும் பகுதிக்குள். இதைக் கண்டுகொண்ட அன்றே பிரேக்கரை அணைத்து அதன் மேல் ஒரு காகிதம் ஒட்டினேன். இந்த நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஆக எனக்கு எஞ்சியவை மூன்று வழிகள்.

அதே அளவில் புதிது போடுவதில் உள்ள பெரிய லாபம், எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பது. அமெரிக்கச் சிங்குகளின் ஓட்டை பெரும்பாலும் மூன்றரை அங்குலம். அதில் தொங்கும் வளையம் இரண்டு முக்கிய வகைப்படும்: மூன்று போல்ட்டில் நின்று திருகி மாட்டும் வகை ஒன்று, அடியிலிருந்து முறுக்கிப் பூட்டும் வகை மற்றொன்று. பழையதன் வளையம் எந்த வகையோ அதே வகையில் புதியதை வாங்கினால், வளையம் நல்ல நிலையில் இருக்கும்பட்சத்தில், மேலே புட்டியைத் தொடவே தேவையில்லை. பழையதைத் திருகிக் கழற்றி, புதியதைத் திருகி மாட்டிவிடலாம். ஒரு மணி நேர வேலை. விலையும் குறைவு: மூன்றில் ஒரு பங்கு, அரைக் குதிரைத்திறன் மாதிரிகள் நான் பார்த்தவரை 100 முதல் 150 டாலருக்குள் கிடைக்கின்றன.

குறையும் அதே விலையில்தான் இருக்கிறது. இந்த மலிவு மாதிரிகளில் அரைக்கும் பாகங்கள் துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகத்துக்குப் புளிப்பு ஆகாது. அமிலம் பட்டால் அது கரையும். நம் சமையலறையை நினைத்துப் பாருங்கள். ரசத்தின் அடிமண்டி, புளி கரைத்த தண்ணீர், மோர், தக்காளி, எலுமிச்சைச் சாறு, புளித்த மாவு கழுவிய நீர் என்று ஒரு நாளில் இந்தத் தொட்டிக்குள் இறங்காத புளிப்பு இல்லை. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க வேண்டுமென்றால் ஈயம் பூசிய பிறகுதான் வைப்பார்கள் என்று சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே அறிவு இங்கேயும் பொருந்த வேண்டும். தண்ணீரை நன்றாக ஓட்டிக் கழுவினால் மலிவு மாதிரியும் பல ஆண்டு உழைக்கும்தான். ஆனால் தினமும் சமைக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு எவர்சில்வர் பாகங்கள் உள்ள மாதிரிக்குக் கூடுதல் பணம் தருவது வீணில்லை என்பது என் உறுதியான கருத்து. குதிரைத்திறனுக்காகத் தரும் பணத்தைப் பற்றி எனக்கு அந்த உறுதி இல்லை.

பெரிய மாதிரிகளுக்கு வருவோம். முக்கால் குதிரைத்திறன், ஒரு குதிரைத்திறன் என்று அட்டைப்பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும். முக்கால் அளவில் எவர்சில்வர் பாகங்களோடு வருபவை சுமார் 200 முதல் 280 டாலர். ஒரு குதிரைத்திறன் மாதிரிகள் அதற்கும் மேல். கூடுதல் பணத்துக்கு உண்மையில் கிடைப்பவை மூன்று. அரைக்கும் அறை பெரிது. சுற்றிலும் ஒலி தடுக்கும் உறை இருப்பதால் சத்தம் குறைவு. இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவுகிற வீடுகளில், பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்போது, இதன் அருமை தெரியும். மூன்றாவதாக எவர்சில்வர் பாகங்கள். ஆனால் எல்லாப் பெரிய மாதிரிகளிலும் அவை இருக்கும் என்று எண்ணிவிடாமல் பெட்டியின் ஓரத்தில் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

மோட்டாரிலும் இரண்டு இனம் உண்டு. இன்சிங்கரேட்டர் வழக்கமாகப் பயன்படுத்தும் தூண்டல் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,700 சுற்று சுழலும், கனமானது. வேஸ்ட் கிங், மோயன் போன்றவற்றின் மாதிரிகளில் வரும் நிலைக்காந்த மோட்டார் 2,600 சுற்றுக்கு மேல் போகும், எடை குறைவு. தனியாளாக மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு கையால் தூக்கி மாட்டப் போகிறவருக்கு இந்த எடை வேறுபாடு சிறிய விஷயம் இல்லை.

குதிரைத்திறனைக் கூட்டினால் எதையும் போடலாம் என்ற நினைப்புதான் ஆபத்து. வாழைப்பூவின் கள்ளனும் மடலும், முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டின் நார், புளிக் கோது, கறிவேப்பிலை ஈர்க்கு, கொத்தமல்லித் தண்டு, தேங்காய் நார் ஆகியவை எந்த மோட்டாருக்கும் ஆகாதவை. வெங்காயத்தின் மெல்லிய தோல் அரைபடாமலே நழுவிக் குழாயில் போய்ப் படியும். மாங்கொட்டையையும் ஆட்டெலும்பையும் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

இவற்றைவிட ஏமாற்றுவது சோறு. மென்மையாக இருக்கிறது, தடையின்றி அரைபடுகிறது, தண்ணீரோடு போய்விட்டது போலவே தோன்றும். ஆனால் டிஸ்போசல் பெரிதானாலும் அதன் பிறகு வரும் குழாய் அதே ஒன்றரை அங்குலம்தான். மாவாக அரைபட்ட சோறு அந்தக் குழாயின் வளைவில் தங்கி, மேலும் நீரை உறிஞ்சி உப்பி, பசையாக இறுகுகிறது. ரவையும் அப்படியே. கிரைண்டர் கழுவிய உளுந்து மாவு இன்னும் மோசம். அதன் பசைத்தன்மை குழாயின் உட்சுவரில் பூசிக்கொள்ளும், மேலே தாளித்த எண்ணெயும் படிந்தால் அடைப்பு உறுதி. நண்பர் ஒருவர் வீட்டில் பொங்கலன்று இருபது பேர் சாப்பிட்ட தட்டுகளை அப்படியே தொட்டியில் கவிழ்த்தார்கள். அவர்களுடையது ஒரு குதிரைத்திறன். அது ஒரு குறையுமில்லாமல் அரைத்துத் தள்ளியது. அடைத்துக்கொண்டது சுவருக்குள் பன்னிரண்டு அடி தள்ளி இருந்த குழாய். வலிமையான மோட்டார் அடைப்பைச் சிங்கிலிருந்து கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்துகிறது, அவ்வளவுதான்.

பெரிய மாதிரி வாங்கும் முன் அளக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பலர் இதைத் தவறவிட்டு, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு நடக்கிறார்கள். டிஸ்போசலின் பக்கவாட்டில் கழிவு வெளியேறும் வாய் இருக்கிறது. பெரிய மாதிரிகளில் அந்த வாய் பொதுவாகச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். அது சுவரிலிருந்து வரும் குழாயின் உயரத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். கீழே போனால் தண்ணீர் மேடேற வேண்டியிருக்கும், டிஸ்போசலுக்குள் எப்போதும் அழுக்கு நீர் நிற்கும், நாற்றமும் கசிவும் கூடவே வரும். சமீபத்தில் சிங்கை ஆழமானதாக மாற்றியவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் சிங்க் இறங்கிய அளவுக்கு டிஸ்போசலும் இறங்கிவிடும். சிங்கின் அடியிலிருந்து சுவர்க்குழாயின் நடுமையம் வரை எத்தனை அங்குலம் என்று அளந்து காகிதத்தில் எழுதிக்கொண்டு, வாங்கப்போகும் மாதிரியின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். உயரம் போதவில்லை என்றால் சுவரைத் திறந்து குழாயை இறக்க வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் பெரிய மாதிரியின் கணக்கே மாறிவிடும்.

கடைசி வழி, கழற்றிவிடுவது. அம்மா முதல் நாளிலிருந்தே இதைத்தான் சொன்னார். எங்கள் ஊர் வீட்டில் அரிசி களைந்த நீரும் காய்த்தோலும் கழுநீர்ப் பானைக்குப் போகும், மாலையில் மாட்டுக்குப் போகும். சாப்பாட்டில் மிஞ்சியதை ஒரு இயந்திரத்தில் அரைத்துச் சாக்கடையில் விடுவதை அவரால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. நான் இதைப் பழமைப் பேச்சு என்று ஒதுக்கவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நகரக் குப்பைமேடுகளிலிருந்து காற்றில் கசியும் மீத்தேனில் 58 சதவீதம் அங்கே புதைக்கப்படும் உணவுக் கழிவிலிருந்து வருகிறது. கலிஃபோர்னியாவில் 2022 முதல் உணவுக் கழிவைத் தனியாகச் சேகரிப்பது சட்டமாகவே நடைமுறையில் இருக்கிறது. அப்படித் தனித்தொட்டி தரும் ஊரில் இருப்பவர்களுக்கு டிஸ்போசலின் தேவை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

வீட்டுக்குச் சொந்தமாகக் கழிவுநீர்த் தொட்டி, அதாவது செப்டிக் டேங்க், இருந்தால் நான் தயங்காமல் கழற்றிவிடச் சொல்வேன். அரைத்த உணவு தொட்டியின் அடியில் வண்டலாகச் சேர்கிறது. வழக்கத்தைவிட அடிக்கடி வண்டி வரவழைத்து உறிஞ்ச வேண்டியிருக்கும். ஊருக்கு வெளியே ஏக்கர் கணக்கில் நிலத்தோடு வீடு வாங்கும் நம்மவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கழற்றுவதற்கும் கொஞ்சம் வேலை உண்டு. ஓட்டைக்குச் சாதாரணக் கூடை வடிகட்டி பொருத்தி, அதன் கீழே நேர்க்குழாய் போட வேண்டும். டிஷ்வாஷரின் கழிவுக்குழாய் இத்தனை நாள் டிஸ்போசலில்தான் சேர்ந்திருக்கும். இனி அதற்கெனக் கிளை உள்ள நேர்க்குழாய் வாங்கி அதில் சேர்க்க வேண்டும். டிஷ்வாஷரின் கழிவுக்குழாய் மேடையின் அடியை ஒட்டி உயர்ந்து வளைந்து இறங்கினால்தான் அழுக்கு நீர் டிஷ்வாஷருக்குள் திரும்பாது. மின்கம்பிகள் தொங்கக் கூடாது. மூடியுள்ள பெட்டிக்குள், கம்பி முனைகளில் திருகும் தொப்பியிட்டு அடைக்க வேண்டும். பாகங்களின் செலவு 30, 40 டாலருக்குள் முடியும். பின்னால் வீட்டை விற்கும்போது டிஸ்போசல் எங்கே என்று கேட்பார்களே என்ற கவலை பலருக்கு இருக்கிறது. அன்றைக்கு 120 டாலருக்கு ஒன்றை மாட்டிக்கொடுத்துவிடலாம். அதற்காக இன்றே ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எனக்குத் தடையாக இருந்தது வேறொன்று. சமைத்த சோறும் எண்ணெய்ப் பண்டமும் கொல்லைப்புற மட்கு உரத்துக்கு ஆகாது, எலியை அழைக்கும். தட்டில் ஒட்டியிருக்கும் பருக்கை, குழம்பில் மிஞ்சிய பருப்பு போன்றவை எப்படியும் சிங்குக்கு வரும். அவற்றைப் பிடித்து வைக்கும் வடிகட்டியை நாளுக்கு நான்கு முறை தட்டிக் கழுவ எல்லோருக்கும் பொறுமை இருக்காது. டெக்சஸ் கோடையில் அந்த ஈரக் குப்பை ஒரே நாளில் நாறும்.

ஆகவே நான் முடிவு செய்தது இரண்டையும் சேர்த்த வழி. முக்கால் குதிரைத்திறன், எவர்சில்வர் பாகங்கள், பழைய வளையத்தோடு பொருந்தும் மூன்று போல்ட் வகை. கூடவே சிங்கின் அருகில் மூடியுள்ள ஒரு சிறு வாளி. நாரும் தோலும் கோதும் வாளிக்கு, அங்கிருந்து மட்கு உரத்துக்கு. சோறு குப்பைக்கு. தட்டில் ஒட்டியது மட்டுமே டிஸ்போசலுக்கு. பொரித்த எண்ணெய் எதற்கும் இல்லை. அது பழைய புட்டியில் சேர்கிறது. டாலஸ் மாநகராட்சி பயன்படுத்திய சமையல் எண்ணெயைத் தனியே சேகரிக்கிறது. உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சமைக்கும் தம்பதி, அல்லது தனியாக இருப்பவர் என்னிடம் கேட்டால் அரைக் குதிரைத்திறனே போதும் என்பேன். அவர்களுக்கு முக்கால் தேவையில்லை. ஒரு குதிரைத்திறனை யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

நானே மாட்டுவதா, பிளம்பரை அழைப்பதா என்பது அடுத்த கேள்வி. எங்கள் பகுதியில் கூலி மட்டும் 150 முதல் 350 டாலர் வரை கேட்டார்கள். பழைய வளையமே பொருந்தும், உயரமும் போதும், சிங்கின் கீழே செருகும் மின்முனை இருக்கிறது என்ற மூன்றும் அமைந்தால் இதை நீங்களே செய்யலாம். கருவிகள் கையாண்டு பழகாதவர்கூட அரைநாளில் முடிக்கலாம். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும், அல்லது கம்பிகளைப் பார்த்ததும் எது எதனோடு என்று தெரியவில்லையென்றாலும், ஆளை அழையுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் தொடவே வேண்டாம். உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், மாற்றித் தருவது அவர்கள் பொறுப்பாகவே பெரும்பாலும் இருக்கும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை, பிரேக்கரை அணைத்து, சுவிட்சைப் போட்டுப் பார்த்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அடியில் வாளி வைத்து வளைவுக் குழாயைக் கழற்றினேன். டிஷ்வாஷர் குழாயின் கவ்வியைத் தளர்த்தி இழுத்தேன். பழையதன் அடியில் தடித்த புத்தகங்களையும் ஒரு பெயிண்ட் டப்பாவையும் அடுக்கி முட்டுக்கொடுத்தேன், ஏனென்றால் வளையம் விடுபடும் கணத்தில் ஏழு எட்டு கிலோ எடை முகத்தை நோக்கி வரும். வளையத்தை இடப்புறமாகத் திருப்பியதும் அது மெல்ல முட்டின் மேல் உட்கார்ந்தது. தம்பி மகன் அதைப் பிடித்து வெளியே இழுத்தான்.

புதியதில் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. டிஷ்வாஷர் குழாய் சேரும் சிறு வாயின் உள்ளே ஒரு பிளாஸ்டிக் அடைப்பு வரும். டிஷ்வாஷர் இருக்கும் வீட்டில் அதைத் திருப்புளியும் சுத்தியலும் கொண்டு உடைத்து எடுத்தாக வேண்டும். இதை மறந்து மாட்டிவிட்டு, டிஷ்வாஷர் நீரை வெளியேற்ற முடியாமல் நிற்பதைப் பார்த்து அது கெட்டுவிட்டது என்று ஆள் அழைத்தவர்கள் ஏராளம். உடைந்த துண்டை உள்ளேயிருந்து எடுத்துவிடவும் மறக்காதீர்கள். டிஷ்வாஷர் இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்து மின்கம்பி. பல மாதிரிகளில் செருகும் கம்பி உடன் வராது. தனியாக வாங்க வேண்டும். கறுப்போடு கறுப்பு, வெள்ளையோடு வெள்ளை, பச்சை மண்ணிணைப்புத் திருகில். தொப்பியைத் திருகியபின் ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்தேன். நல்லவேளையாக இது தரையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை; மாட்டிய பிறகு செய்ய முயன்றால் கழுத்து ஒடிந்துவிடும்.

தூக்கி மாட்டியபோதுதான் தெரிந்தது, புதியதன் வாய் பழையதைவிட முக்கால் அங்குலம் கீழே. முன்கூட்டியே அளந்திருந்ததால் பதறவில்லை. சுவர்க்குழாய்க்கு மேலே இன்னும் இரண்டு அங்குலம் மிச்சம் இருந்தது. நேர்க்குழாயைச் சிறு ரம்பத்தால் அந்த அளவுக்கு அறுத்து, ஓரத்துப் பிசிறைச் சுரண்டிச் சேர்த்தேன். பிளாஸ்டிக் வளையங்களைக் கையால் இறுக்கினாலே போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் விரிசல் விடும்.

சோதிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. சிங்கை அடைத்து விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, ஒரே சமயத்தில் திறந்துவிட வேண்டும். அந்த எடையில்தான் தளர்ந்த இணைப்பு தன்னைக் காட்டும். ஒவ்வொரு இணைப்பின் கீழும் ஒரு காகிதக் கைக்குட்டையை விரித்து வைத்துவிட்டு இதை மூன்று முறை செய்தேன். பிறகு பிரேக்கரைப் போட்டு, குளிர்ந்த நீரை ஓடவிட்டு, சுவிட்சை அழுத்தினேன். குளிர்ந்த நீர்தான் வேண்டும். வெந்நீர் கொழுப்பை உருக்கிக் குழாய்க்குள் கொண்டுபோய் அங்கே உறையவிடும். அணைத்த பிறகும் பத்துப் பதினைந்து விநாடி நீர் ஓட வேண்டும்.

இரவு படுக்கும் முன் டிஷ்வாஷரை ஓட்டிவிட்டு, காகிதங்களை அப்படியே விட்டுவைத்தேன். காலையில் எனக்கு முன்பே அம்மா எழுந்து, அலமாரியைத் திறந்து, அவற்றைத் தொட்டுப் பார்த்திருந்தார். ஐந்தும் உலர்ந்திருந்தன. புது சீயக்காய்ப் பொட்டலத்தை மட்டும் அங்கே வைக்கவில்லை. அது இப்போது மேலே, மளிகை அலமாரியில் இருக்கிறது.